“போதும், என்னை அனுப்பிவிடு” என்பவரிடம் என்ன சொல்வது?

(ஜனவரி 15, பாலியேட்டிவ் கேர் தினத்தையொட்டிப் பாலக்காட்டில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



என்னைப் பேச அழைத்த செயலாளர் போனிலேயே கொஞ்சம் தயங்கினார். “விஷயம் நல்லதுதான். ஆனால் தை பிறந்த கையோடு மரணத்தைப் பற்றிப் பேசினால் யாராவது அபசகுனம் என்று நினைப்பார்களோ?” என்றார். அனாயாச மரணம் வேண்டும் என்று தினமும் பிரார்த்திக்கிறவர்கள் நாம். பகவானிடம் கேட்கலாம், பக்கத்தில் இருப்பவரிடம் பேசக்கூடாது என்றால் எப்படி? அதனால் தைரியமாகவே வந்திருக்கிறேன்.

நான் அரசு ஆஸ்பத்திரி நர்ஸாக வேலை பார்த்தவள். முதல் பாதி இடுக்கி மாவட்டத்தில் பீர்மேடு, தேவிகுளம் தாலுகாக்களில். பின் பாதி நம் சித்தூர் தாலுகாவில். ரிடையர் ஆன பிறகு ஹோம் கேர் குழுவோடு வாலண்டியராக வீடு வீடாகப் போகிறேன். இரண்டுமே தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய இடங்கள். நோயாளி தமிழில் வேதனையைச் சொல்வார், ஆஸ்பத்திரியில் மலையாளத்தில் கேட்பார்கள், கேஸ் ஷீட்டில் ஆங்கிலத்தில் எழுதுவார்கள். மூன்று பாஷை கடந்து போவதற்குள் சொன்னது ஒன்று, எழுதினது வேறொன்று ஆகிவிடும். அப்படி அடிக்கடி வழியில் தொலைந்துபோகிற ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். “போதும், என்னை அனுப்பிவிடு” என்கிற வாக்கியம்.

ஒரு வாக்கியம், பல அர்த்தம்

எஸ்டேட் லயங்களில், “ஆண்டவன் என்னை மட்டும் கூப்பிட மாட்டேங்கிறானே சிஸ்டர்” என்பார்கள். கொழிஞ்சாம்பாறைப் பக்கம், “ஒரு ஊசியப் போட்டு முடிச்சு உட்ருங்க” என்பார்கள். நம் அக்ரஹாரங்களில், “எல்லாருக்கும் பாரமா இருக்கேன், போயிட்டாத் தேவலை” என்பார்கள். மலையாளத்தில் ஒரே வார்த்தை, “மதியாயி”.

கேட்கிறவர் காதுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். உள்ளே மூன்று வெவ்வேறு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, கஷ்டம் தாங்கவில்லை என்கிற அலுப்பு. இரண்டாவது, இந்த சிகிச்சை வேண்டாம் என்கிற முடிவு. மூன்றாவது, என் உயிரை நீயே எடுத்துவிடு என்கிற கோரிக்கை. எது என்று தெரிந்துகொள்ளாமல் பதில் சொல்லவே முடியாது.

ஆஸ்பத்திரிகளில் சாதாரணமாகக் கிடைக்கிற பதில்கள் என்ன? “அப்படியெல்லாம் பேசப்படாது, எல்லாம் சரியாப் போயிடும்” என்பது ஒன்று. காதில் விழாததுபோல் டிரிப்பைச் சரிசெய்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவது இன்னொன்று. வெளியே வந்து மகனிடம், “மனசு சரியில்லை, தூக்க மாத்திரை எழுதியிருக்கேன்” என்பது மூன்றாவது. “சட்டத்தில் இடமில்லை” என்று ஒரே வரியில் முடிப்பது நான்காவது. நாலுமே கதவைச் சாத்துகிற பதில்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஒரு வார்டில் நாற்பது பேருக்கு இரண்டு நர்ஸ் இருந்தால் யார் உட்கார்ந்து கேட்பது? உயிரைக் காப்பாற்றக் கற்றுக்கொடுத்தார்களே தவிர, சாக விரும்புகிறவரிடம் எப்படிப் பேசுவது என்று என் தலைமுறைக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

கானடாவில் சோச்சினோவ் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவும் 1995-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இறுதிக் கட்டத்தில் இருந்த 200 நோயாளிகளிடம் பேசினார்கள். சீக்கிரம் போய்விட்டால் தேவலை என்று எப்போதாவது நினைத்தவர்கள் 44.5 சதவீதம். அந்த ஆசை தீவிரமாகவும் விடாமலும் இருந்தவர்கள் 8.5 சதவீதம், அதாவது 17 பேர். அந்தப் பதினேழு பேரில் பாதிக்கு மேல் மனச்சோர்வு நோய் இருந்தது. மற்றவர்களில் அது 8 சதவீதம்கூட இல்லை. இரண்டு வாரம் கழித்து ஆறு பேரை மறுபடி சந்திக்க முடிந்தது. அவர்களில் நாலு பேருக்கு அந்த ஆசை குறைந்திருந்தது. சாக ஆசை என்பது பலருக்கு ஏறி இறங்குகிற ஜுரம் மாதிரி. எதனால் ஏறுகிறது என்று பார்க்க வேண்டும்.

வாடைக்குப் பயந்தவர்

பீர்மேடு தாலுகாவில் ஒரு லயத்துக்குப் போனோம். கொழுந்து பறித்து ரிடையர் ஆன அம்மாள். மார்பகப் புற்றுநோய் வெடித்துப் புண்ணாகியிருந்தது. “மருந்து வேண்டாம் சிஸ்டர், முடிச்சு விட்டுருங்க” என்றார். வலி அதிகமா என்று கேட்டோம். வலி இருந்தது, ஆனால் அவர் சொன்னது வேறு. “பேத்தி கிட்ட வரமாட்டேங்குது. என் நாத்தம் எனக்கே தாங்கலை.” சமையலறைக்குப் பின்னால் சாய்ப்பில் தானாகவே பாயைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தார்.

அந்த வாடைக்கு மருந்து உண்டு. மெட்ரோனிடசோல் என்று வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிற சாதாரண மாத்திரைதான். அதைப் பொடித்துச் சுத்தம் செய்த புண்ணில் தூவிக் கட்டினால் சில நாளில் நாற்றம் அடங்கும். விலை மிகக் குறைவு. மருமகளுக்குக் கட்டுப்போடக் கற்றுக்கொடுத்தோம். வலிக்கு மார்ஃபின் மாத்திரை. அடுத்த வாரம் போனபோது பாய் உள்ளே வந்திருந்தது. பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நோய் குணமாகவில்லை, ஏழு வாரத்தில் அவர் காலமானார். ஆனால் முடித்துவிடச் சொல்லி மறுபடி கேட்கவில்லை. “அப்படிப் பேசாதீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருந்தால் அந்த ஏழு வாரமும் சாய்ப்பில்தான் போயிருக்கும்.

மார்ஃபின் என்றதும் நம்மவர்களுக்கு ஒரு பயம். பழக்கமாகிவிடும், சீக்கிரம் கொன்றுவிடும் என்று. புற்றுநோய் வலிக்கு டாக்டர் சொன்ன அளவில், மணி பார்த்து வாயால் கொடுக்கும்போது அந்தப் பயத்துக்கு இடமில்லை. மலச்சிக்கல் வரும், அதற்குக் கூடவே மருந்து கொடுத்துவிடுவோம். 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் ஆஸ்பத்திரிகள் மார்ஃபினை வாங்கி வைக்கவே பயந்தன. 2014-இல் பார்லிமென்ட் அந்தச் சட்டத்தைத் திருத்தி வழியை எளிதாக்கியது. அபினியை விளைவிக்கிற தேசத்திலேயே வலிக்கு அபினி மருந்து கிடைக்காமல் ஒரு தலைமுறை துடித்தது.

இந்த விஷயத்தில் கேரளம் வழிகாட்டி. 1993-இல் கோழிக்கோடு மெடிக்கல் காலேஜில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் போன்றவர்கள் ஒரு சின்ன அமைப்பாக ஆரம்பித்தார்கள். பிறகு ஊர்க்காரர்களே வாலண்டியர்களாகச் சேர்ந்து, டாக்டரைத் தேடி நோயாளி போவதற்குப் பதில் நோயாளியைத் தேடிக் குழு போகிற முறை வந்தது. 2008-இல் மாநில அரசு இதற்கென்று தனிக் கொள்கையையே அறிவித்தது. இந்தியாவில் எந்த மாநிலமும் அதற்கு முன் அப்படிச் செய்ததில்லை. இன்று உங்கள் பஞ்சாயத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் பாலியேட்டிவ் நர்ஸ் யார் என்று சொல்வார்கள். அந்த நம்பரை ஆத்துக் காலண்டரில் எழுதி வையுங்கள்.

“காபி போதும்னு சொல்லலையே”

இரண்டாவது வகைக்கு வருகிறேன். இது நம் குடும்பங்களில் அதிகம்.

அக்ரஹாரத்தில் ஒரு மாமா, எண்பது தாண்டியவர். சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து, வாரம் மூன்று முறை டயாலிசிஸ். “போதும், என்னை விட்டுடுங்கோ” என்று ஆரம்பித்தார். அமெரிக்காவிலிருந்து பிள்ளை போனில், “எப்படியாவது காப்பாத்துங்கோ, பணத்தைப் பத்திக் கவலைப்பட வேண்டாம்” என்கிறார். மாமி நடுவில் அழுகிறார்.

எங்கள் குழுவின் டாக்டர் கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “மாமா, போதும்னா எது போதும்?” என்று கேட்டார். “அந்த மிஷின் போதும். காபி போதும்னு சொல்லலையே” என்றார் மாமா. இரண்டு வருஷமாக அளந்து அளந்து தண்ணீர் குடித்தவர்.

டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். டயாலிசிஸை நிறுத்தினால் நாட்கள்தான் மிஞ்சும், மாசங்கள் இல்லை. மூச்சுத் திணறினால் மருந்து இருக்கிறது, நாங்கள் வருவோம். மாமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, திருப்பிச் சொல்லிக் காட்டினார். மனச்சோர்வா என்றும் பார்த்தோம், அப்படி இல்லை. பிள்ளையை வீடியோவில் வைத்துக்கொண்டு அப்பாவே பேசினார். பிள்ளை டிக்கெட் எடுத்து வந்து சேர்ந்தார். பதினோரு நாள் இருந்தார் மாமா. தினமும் ஃபில்டர் காபி. பிள்ளை மடியில் தலை வைத்தபடி போனார்.

இது தற்கொலையா? இல்லை. டாக்டர் உடந்தையா? அதுவும் இல்லை. சுயபுத்தியோடு இருக்கிற வயது வந்த ஒருவர் தனக்கு ஒரு சிகிச்சை வேண்டாம் என்று சொல்லலாம். 2018 மார்ச் 9-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா தலைமையில், கௌரவமாக மரணமடைவதும் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்புச் சொன்னது. நினைவு தவறிப்போன பின் என்னென்ன செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கவும் அனுமதித்தது. இதைத்தான் லிவிங் வில் என்கிறார்கள்.

முதலில் அதற்கு மாஜிஸ்டிரேட் கையெழுத்து வேண்டும் என்று இருந்தது. நடைமுறையில் யாராலும் முடியவில்லை. 2023 ஜனவரி 24-இல் நீதிபதி கே.எம். ஜோசப் தலைமையிலான அமர்வு எளிதாக்கியது. இப்போது இரண்டு சாட்சிகள், அதோடு ஒரு நோட்டரி அல்லது கெஜட்டட் ஆபீசர் போதும். உங்கள் சார்பில் பேச ஒருவருக்கு மேற்பட்ட பந்துக்களின் பெயரையும் எழுதலாம். பிறகு நிலைமை வந்தால் ஆஸ்பத்திரியில் மூன்று டாக்டர்கள் கொண்ட ஒரு குழுவும், அதை மறுபடி பரிசீலிக்க இன்னொரு மூவர் குழுவும் பார்த்து முடிவெடுப்பார்கள். கூடியவரை ஒவ்வொரு குழுவும் 48 மணி நேரத்துக்குள். சொத்துக்கு உயில் எழுதாத ஆம் நம்மில் குறைவு. உடம்புக்கு எழுதி வைத்தவர்கள் இந்த ஹாலில் எத்தனை பேர்?

மூன்றாவது கோரிக்கை

இனி கஷ்டமான பகுதி. வலி இல்லை, மனச்சோர்வு இல்லை, சிகிச்சை எதுவும் நடக்கவும் இல்லை. ஆனாலும், “ஊசி போட்டு முடித்துவிடு” என்று தெளிவாகக் கேட்கிறவர்கள் உண்டு.

நம் ஹைகோர்ட்டுக்கே அப்படி ஒரு வழக்கு வந்திருக்கிறது. சி.ஏ. தாமஸ் மாஸ்டர் என்பவர் எண்பது வயதான ரிடையர்ட் ஆசிரியர். திருப்தியாக வாழ்ந்தாயிற்று, கடமைகள் முடிந்தன, நானாக விடைபெறுவது தற்கொலை ஆகாது என்பது அவர் வாதம். 2000-ஆம் வருஷம் கேரள ஹைகோர்ட் அதை ஏற்கவில்லை. காரணம் எதுவானாலும் தானாக உயிரை விடுவது தற்கொலைதான், அதில் வித்தியாசம் பார்க்க முடியாது என்றது.

இன்னொன்று, கேட்க வாயே இல்லாதவர் விஷயம். பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரி நர்ஸ் அருணா ஷான்பாக் 1973-இல் கொடூரமாகத் தாக்கப்பட்டு நினைவிழந்தார். உணவு கொடுப்பதை நிறுத்த அனுமதிக்க வேண்டும் என்று எழுத்தாளர் பிங்கி விராணி வழக்குப் போட்டார். அந்த ஆஸ்பத்திரி நர்ஸுகள் கூடாது என்றார்கள். படுக்கைப் புண் வராமல் வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டவர்கள் அவர்கள். 2011 மார்ச் 7-இல் சுப்ரீம் கோர்ட் அவர்கள் பக்கம் நின்றது. அதே தீர்ப்பில், தகுந்த மேற்பார்வையோடு உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்தலாம் என்கிற வாசலையும் திறந்தது. 2015 மே மாதம் அருணா நிமோனியாவில் காலமானார்.

ஊசி போட்டு உயிரை முடிப்பது இன்றும் இந்தியாவில் குற்றம். நெதர்லாந்தில் 2002 முதலும், கானடாவில் 2016 முதலும் நிபந்தனைகளோடு அனுமதி உண்டு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் டாக்டர் எழுதித் தருகிற மருந்தை நோயாளியே குடிக்கலாம். அங்கே ஒவ்வொரு வருஷமும் கணக்கு வெளியிடுகிறார்கள். ஏன் கேட்கிறார்கள் என்று பார்த்தால் வலி முதலில் இல்லை. சுதந்திரம் போயிற்று, பிடித்ததைச் செய்ய முடியவில்லை, கௌரவம் போயிற்று என்பவைதான் முன்னால் நிற்கின்றன. மார்ஃபின் மட்டும் எல்லாவற்றுக்கும் பதில் ஆகாது என்பதற்கு இதுவே சாட்சி.

எனக்குத் தெரிந்த ஒரு மாமி, கணக்கு டீச்சராக இருந்தவர். மோட்டார் நியூரான் நோய். கை போயிற்று, பேச்சு போயிற்று, புத்தி மட்டும் கத்தி மாதிரி இருந்தது. எழுத்து அட்டையைக் காட்டினால் கண்ணால் எழுத்தைத் தேர்ந்தெடுப்பார். மூன்று தடவை என்னிடம் கேட்டார், “ஊசி” என்று.

நான் சொன்ன பதிலை அப்படியே சொல்கிறேன். “மாமி, அது என்னால் முடியாது. சட்டமும் இடம் கொடுக்காது, என் கையும் வராது. ஆனா நீங்க கேட்டது எனக்குப் புரிஞ்சுது. எதைப் பத்தி ரொம்பப் பயமா இருக்கு?” மாமி எழுத்தெழுத்தாகச் சொன்னார், “மூச்சு முட்டி”. அதற்கு எங்களால் ஏற்பாடு செய்ய முடியும். வென்டிலேட்டர் வேண்டாம், ஐ.சி.யு. வேண்டாம் என்று லிவிங் வில் எழுதி நோட்டரி கையெழுத்தும் ஆயிற்று. மூச்சுத் திணறல் வந்தால் கொடுக்க வேண்டிய மருந்தை டாக்டர் எழுதி, எப்படிக் கொடுப்பது என்று பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தார். மருந்துகளுக்கு அடங்காத வேதனை வந்தால் ஆழ்ந்து தூங்க வைக்கிற முறையும் உண்டு என்று விளக்கினோம். வேதனையை அடக்குவது அதன் நோக்கம், உயிரை எடுப்பது இல்லை.

மாமி மூச்சு முட்டாமல்தான் போனார். ஆனால் என் பதிலில் அவருக்குத் திருப்தி இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். கடைசி வாரத்திலும் அட்டையில் “இன்னும் எத்தனை” என்று காட்டினார். நல்ல சிசுருஷை கொடுத்தால் யாருமே சாக விரும்பமாட்டார்கள் என்று சிலர் மேடையில் பேசுகிறார்கள். அது நிஜம் இல்லை. கொஞ்சம் பேர் விரும்பத்தான் செய்வார்கள். அவர்களுக்குச் சட்டம் மாற வேண்டுமா என்பதில் என்னோடு வேலை பார்த்தவர்களுக்குள்ளேயே இரண்டு அபிப்பிராயம் உண்டு. ஆனால் ‘முடியாது’ என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பது வேறு, ‘முடியாது’ என்று சொல்லிவிட்டு மறுநாளும் வருவது வேறு என்பதில் எங்களுக்குள் வித்தியாசமே கிடையாது.

ஆத்தில் நாம் செய்யக்கூடியது

கடைசியாக, டாக்டரும் நர்ஸும் வருவதற்கு முன் இந்த வாக்கியத்தைக் கேட்பது நீங்கள்தான். அதனால் சில வார்த்தைகள்.

அப்பாவோ அம்மாவோ “போயிட்டாத் தேவலை” என்றால் வாயை அடைக்காதீர்கள். உட்காருங்கள். “எது ரொம்பக் கஷ்டமா இருக்கு?” என்று கேளுங்கள். பிறகு கொஞ்சம் சும்மா இருங்கள். பதில் வர நேரமாகும். வலியா, வாடையா, தூக்கமில்லையா, பாத்ரூமுக்கு மருமகள் தூக்கிப் போவதில் கூச்சமா, பணச் செலவைப் பற்றிய கவலையா என்று தெரிந்தால் பாதிக்கு வழி பிறக்கும். அதைக் குழுவிடம் அவர் சொன்ன வார்த்தையிலேயே சொல்லுங்கள்.

சாப்பாட்டைப் பற்றியும் ஒன்று. கடைசி நாட்களில் பசி அடங்கிப்போவது உடம்பின் இயற்கை. “பட்டினி போட்டுட்டேளே” என்று ஊர் பேசுமோ என்று பயந்து மூக்கில் குழாய் போடாதீர்கள். உதட்டை நனைத்து, வாயைச் சுத்தமாக வைத்துக்கொண்டால் அதுவே பெரிய உபகாரம்.

வியாதி என்னவென்று நோயாளியிடம் மறைக்காதீர்கள். அவருக்குத் தெரியாது என்று நாம் நினைப்போம், நமக்குத் தெரியாது என்று அவர் நடிப்பார். அந்த நாடகத்தில் விடைபெறுகிற பேச்சே நடக்காமல் போய்விடும்.

வெளிதேசத்தில் இருக்கிற பிள்ளைகளிடம் இப்போதே, நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும்போதே, என்ன வேண்டும் என்ன வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். ஐ.சி.யு. வாசலில் நின்று போனில் எடுக்கிற முடிவு பாசத்தால் எடுப்பது இல்லை, பயத்தால் எடுப்பது.

வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிகிறவர்கள் உங்கள் பஞ்சாயத்துக் குழுவில் பெயர் கொடுங்கள். கட்டுப்போடத் தெரிய வேண்டாம். எல்லை ஓரத்துத் தமிழ்க் குடும்பங்களில் நோயாளி சொல்வதைத் தமிழில் கேட்டு, மலையாளத்தில் நர்ஸிடம் சரியாகச் சொல்லத் தெரிந்தாலே போதும். இரண்டு பாஷையும் பேசுகிற நமக்கு இதைவிடப் பொருத்தமான தொண்டு என்ன இருக்கிறது?